ஜப்பானின் கடைசி நீராவி எஞ்சின்களும் படச்சுருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்த எஞ்சின்களைப் பிடித்த பழைய 8 எம்எம் (எட்டு மில்லிமீட்டர் அகலப் பிலிம்) படம் ஒன்றை யாராவது பகிர்ந்தால் போதும், கேள்விகள் வரிசையாக வந்துவிடும். எந்த ஊர், ஏன் சத்தமில்லை, எஞ்சின் ஏன் இப்படித் துள்ளித் துள்ளி ஓடுகிறது, இன்னும் ஓடுகிறதா? அடிக்கடி வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ஜப்பானில் நீராவி ரயில் எப்போது நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. 1872ல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே இங்கிலாந்திலிருந்து வந்த எஞ்சின்களோடு தொடங்கிய கதை அது. 1960ல் ஜப்பான் தேசிய ரயில்வே, இனி டீசலும் மின்சாரமும்தான், பதினைந்து ஆண்டுகளில் கரி எஞ்சின்களை முழுக்க ஒழித்துவிடுவது என்று திட்டம் போட்டது. சொன்னபடியே செய்தும் காட்டியது.

கடைசிப் பயணிகள் ரயில் 1975 டிசம்பர் 14 அன்று ஹொக்காய்டோ தீவில், முரோரானிலிருந்து இவாமிசாவாவுக்கு ஓடியது. இழுத்தது சி57 வகையில் 135ஆம் எண் எஞ்சின். பத்து நாள் கழித்து, டிசம்பர் 24 அன்று, யூபாரி சுரங்கத்துக் கரியை ஏற்றிக்கொண்டு டி51 241 வந்ததுதான் கடைசி கூட்ஸ். அதோடும் முடியவில்லை. அதே தீவில், ஓய்வாகே என்ற ஊரின் யார்டில் பெட்டிகளைத் தள்ளிக் கோக்கும் ஷண்டிங் வேலையைப் பழைய 9600 வகை எஞ்சின்கள் 1976 மார்ச் 2 வரை செய்துகொண்டிருந்தன. படமெடுத்தவர்களில் பலர் டிசம்பரிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள். எனக்கென்னவோ, உண்மையான கடைசிக் காட்சி அந்த யார்டில்தான் நடந்தது என்று தோன்றும்.

புல்லட் ரயில் விட்ட நாட்டில் 1975 வரை கரி எஞ்சினா?

ஆமாம். ஷின்கான்சென் 1964 அக்டோபரில் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகும் பதினோரு ஆண்டுகள் மலைக் கிளைப் பாதைகளிலும் கரிச் சுரங்கங்களுக்குப் போகும் பாதைகளிலும் புகை கிளம்பிக்கொண்டுதான் இருந்தது. கரி விளைகிற ஹொக்காய்டோவில் கரி எஞ்சின் கடைசிவரை நின்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அதை ஒழித்ததில் ஊழியர்களுக்கு வருத்தம் இருந்ததா?

வருத்தம் பெரும்பாலும் தண்டவாளத்துக்கு வெளியே கேமராவோடு நின்றவர்களுக்குத்தான். உள்ளே இருந்தவர்கள் நிலைமை வேறு. ஃபயர்மேன் ஓடுகிற எஞ்சினில் நின்றபடியே கரியை வாரி வாரி உள்ளே வீசவேண்டும். சுரங்கப் பாதைக்குள் போனால் புகை முழுவதும் கேபினுக்குள் வந்துவிடும். 1928ல் யனகாசே என்ற ரயில் சுரங்கப் பாதையில் ஏற்றத்தில் வண்டி திணறி நின்று, ஊழியர்கள் மூச்சுமுட்டி இறந்தே போனார்கள். கரியில் உள்ள சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட இழுவைக்கு வருவதில்லை. பாதையோரம் குடியிருந்தவர்களுக்குத் துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் கரித்தூள்.

அந்தக் காலப் படங்களில் என்னை உறுத்துகிற விஷயமும் இதுதான். நூறு சுருளில் தொண்ணூறு, எஞ்சின் தூரத்திலிருந்து வந்து நம்மைக் கடந்து போவதோடு முடிந்துவிடும். சாம்பல் குழியில் இறங்கிச் சுத்தம் செய்பவர், கைத்துண்டால் வாயை மூடிக்கொண்ட ஃபயர்மேன், பால் கேனோடு பிளாட்பாரத்தில் நிற்கிற பெண் எல்லாம் ஓரத்தில் தப்பித்தவறி வந்துபோவார்கள். எஞ்சின் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்று அருங்காட்சியகம் போதும். இவர்களைப் பார்க்க அந்தச் சுருளை விட்டால் வேறு வழியில்லை.

யார் இவ்வளவு படமெடுத்தது?

பள்ளிக்கூடத்துப் பையன்கள், குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், டாக்டர்கள். எஞ்சின்கள் குறையக் குறைய மோகம் ஏறியது. 1960களின் கடைசியில் தொடங்கி 1970களின் நடுவரை நீடித்த இந்த அலைக்கு ‘எஸ்எல் பூம்’ என்றே பெயர். எஸ்எல் என்றால் ஜப்பானியர் வாயில் நீராவி எஞ்சின்.

கையில் கேமரா வந்ததற்கும் ஒரு கதை இருக்கிறது. 1965ல் கோடாக் சூப்பர் 8 பிலிமைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ஃபூஜி நிறுவனம் சிங்கிள்-8 என்று தன் பங்குக்கு ஒன்றை இறக்கியது. கேசட் மாதிரி உள்ளே போட்டு மூடினால் வேலை முடிந்தது, பிலிமைக் கையால் கோக்கவேண்டாம். டிவி விளம்பரத்தில் நடிகை சிக்காகே ஓகி வந்து “என்னாலும் படம் எடுக்க முடியும்” என்று சொல்ல, நாடு முழுக்க அது பிடித்துக்கொண்டது. (அதே ஓகி அப்புறம் அரசியலுக்குப் போய், 2001ல் நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகம் உருவானபோது அதன் முதல் அமைச்சரானார். ரயில்வேயும் அவர் கீழ்தான். கதை எழுதினால் நம்பமாட்டீர்கள்.)

வசதியுள்ளவர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் 16 எம்எம் வைத்திருந்தார்கள். போலெக்ஸ் மாதிரி சாவி கொடுக்கிற கேமராவை முழுக்க முறுக்கினாலும் அரை நிமிடம்கூட ஓடாது. மலையேறும் கூட்ஸ் வண்டி வளைவைத் தாண்டுவதற்குள் ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

ஒரு சுருளில் எவ்வளவு நேரம் எடுக்கலாம்?

8 எம்எம் கேசட்டில் 15 மீட்டர் பிலிம். விநாடிக்கு 18 ஃப்ரேம் என்றால் 3 நிமிடம் 20 விநாடி. அவ்வளவுதான். இன்று ஒரு ரயில் வந்து போவதற்குள் ஃபோனில் நாம் எடுப்பது அதைவிட அதிகம்.

அதனால் எண்ணி எண்ணி எடுத்தார்கள். புகை தெரிந்தவுடன் அழுத்துவதா, வளைவுக்கு வந்ததும் அழுத்துவதா என்று மனதுக்குள் கணக்கு ஓடும். பல படங்களில் எஞ்சின் கடந்தவுடன் காட்சி பட்டென்று அறுந்துபோவதற்குக் காரணம் ரசனைக் குறைவு அல்ல, பிலிம் விலை.

டி51, சி62 என்றெல்லாம் சொல்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

முதல் எழுத்து, இழுக்கும் சக்கர ஜோடிகளின் எண்ணிக்கை. சி என்றால் மூன்று, டி என்றால் நான்கு. அடுத்த எண் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் கரியும் தண்ணீரும் தனிப் பெட்டியில் பின்னால் வரும் வகை. அதற்குக் கீழே என்றால் எல்லாம் எஞ்சின் மேலேயே. இந்த முறை 1928ல் வந்தது. 9600 போன்ற எண்கள் அதற்கு முந்தைய காலத்தவை.

டி51 தான் ஜப்பானின் உழைப்பாளி. 1936 முதல் 1945 வரை தேசிய ரயில்வேக்கு மட்டும் 1,115 கட்டினார்கள். செல்லப்பெயர் ‘டெகொய்ச்சி’. ரயில் பைத்தியம் இல்லாத பாட்டிகளுக்குக்கூட அந்தப் பெயர் தெரியும். சி62 பயணிகள் எஞ்சின்களில் பெரியது, மொத்தமே 49. அதில் 17ஆம் எண் 1954 டிசம்பரில் மணிக்கு 129 கிலோமீட்டரைத் தொட்டது. நம் மீட்டர் கேஜைவிடச் சற்றே அகலமான 1,067 மில்லிமீட்டர் பாதையில் அந்த வேகம் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்தெந்த இடங்களில் அதிகம் எடுத்தார்கள்?

ஏற்றம் இருக்கும் இடத்தில். சமதரையில் எஞ்சின் சோம்பலாகப் போகும், ஏற்றத்தில்தான் திமிறும்.

முதலில் சொல்லவேண்டியது ஹாகோடாதே பாதையின் மலைப்பகுதி. ஓஷமாம்பேயிலிருந்து குச்சான் வழியாக ஓட்டாருவுக்கு. ‘நிசேகோ’ எக்ஸ்பிரஸை இரண்டு சி62 எஞ்சின்கள் சேர்ந்து இழுத்தன. 1971 செப்டம்பரில் அது நின்றது. அதில் ஓடிய சி62 2ஆம் எண்ணின் புகைத் தடுப்புத் தகட்டில் ஒரு தகைவிலான் குருவி பறக்கும், அதை மட்டும் எடுக்க வந்தவர்கள் உண்டு. மேற்கே ஓக்காயாமா மலைகளில் நுனோஹாரா சிக்னல் நிலையம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய கூட்ஸை மூன்று டி51 ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டும். ஒரே ஃப்ரேமில் மூன்று புகை. சரிவெல்லாம் கேமராக் கால்கள் முளைத்திருக்கும்.

கியூஷூவில் ஹிசாட்சு பாதை. ஓகோபா என்ற இடத்தில் பாதை மலையைச் சுற்றி வட்டமடித்து, அந்த வட்டத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் போய் ஏறும். அங்கே ஓடிய டி51களின் புகைபோக்கி மேல் சுரங்கப் புகையைப் பின்னால் தள்ளும் பெட்டி ஒன்று இருக்கும். பார்க்க அழகில்லை என்று ரசிகர்கள் முணுமுணுப்பார்கள், ஃபயர்மேனுக்கு அது உயிர்மூச்சு.

இந்த இடங்களில் சில இன்று பாதையாகவே இல்லை. யூபாரி கிளை 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. ஹிசாட்சு பாதையின் பெரும்பகுதியில் 2020 ஜூலை வெள்ளச் சேதத்தோடு ரயில் நின்றுபோனது. ‘நிசேகோ’ ஓடிய ஹாகோடாதே மலைப்பாதையையும் ஷின்கான்சென் நீட்டிப்பு வரும்போது கைவிடுவதாக 2022ல் முடிவெடுத்துவிட்டார்கள். எஞ்சினைக் காப்பாற்ற எடுத்த படம், எதிர்பாராமல் பாதைக்கும் சாட்சியாகிவிட்டது.

பனியில் எடுத்த படங்களில் எஞ்சின் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிகிறதே?

ஒளிமானி ஏமாந்துபோனதன் விளைவு. திரை முழுக்க வெள்ளைப் பனி, நடுவில் கறுப்பு எஞ்சின். தானியங்கி கேமரா பனியைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று லென்ஸின் துளையைச் சுருக்கிவிடும். பனி சாம்பல் நிறமாகும், எஞ்சின் நிழலாகும். விவரம் தெரிந்தவர்கள் தானியங்கியை அணைத்துவிட்டு ஒன்றரை அல்லது இரண்டு படி திறந்து எடுத்தார்கள். நழுவும் தண்டுகளும் பாய்லர் குழாய்களும் தெரிகிற பனிப்படம் பார்த்தால், எடுத்தவர் கைதேர்ந்தவர் என்று புரிந்துகொள்ளலாம்.

குளிருக்கு வேறு குணங்களும் உண்டு. பேட்டரி செத்துவிடும், கேமரா எண்ணெய் கெட்டியாகும், காய்ந்த காற்றில் வேகமாக ஓடும் பிலிமில் நிலைமின் பொறி விழுந்து மரக்கிளை மாதிரிக் கோடுகள் பதியும். ஆனாலும் குளிர்காலத்தில்தான் போனார்கள். குளிர்ந்த காற்றில் நீராவி சீக்கிரம் கரையாது, வெள்ளை மேகமாக எஞ்சினோடேயே வரும்.

சத்தம் ஏன் இல்லை? இருந்தாலும் பொருந்தவில்லையே?

அந்தக் கால 8 எம்எம் பெரும்பாலும் ஊமைப்படம். ஒலியைச் சேர்த்துப் பதியும் பிலிமைக் கோடாக் கொண்டுவந்ததே 1973ல்தான். அதற்குள் முக்கால்வாசி எஞ்சின் போய்விட்டது.

ஆனால் ஒலியைத் தனியாகப் பிடித்தவர்கள் இருந்தார்கள். தோளில் மாட்டும் டேப் ரெக்கார்டரை ஜப்பானில் ‘டென்சுகே’ என்பார்கள். சோனியின் கேசட் டென்சுகே 1973ல் வந்தபோது, வெளியே போய் ஒலி பிடிப்பதே ஒரு பொழுதுபோக்காகப் பரவியது. கேமராக்காரரும் டேப்காரரும் ஒரே சரிவில் நின்றால் சண்டைதான். இவருடைய கேமரா கரகரப்பு அவருடைய டேப்பில் விழும்.

இன்று இரண்டையும் ஒட்டவைக்கும்போது பெரும்பாலும் வேறொரு நாள், வேறொரு எஞ்சினின் சத்தத்தைப் போட்டுவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. இரண்டு சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு முறை ‘சுக்’ என்னும். டி51 சக்கரத்தின் விட்டம் 1,400 மில்லிமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டரில் மலையேறினால் விநாடிக்கு ஏழெட்டு ‘சுக்’ வரவேண்டும். படத்தில் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள், காது சொல்லிவிடும். இரட்டை எஞ்சின் என்றால் இன்னும் சுவை. இரண்டின் சக்கரத் தேய்மானமும் ஒன்றாக இருக்காது. இரண்டு தாளமும் சேரும், மெல்ல விலகும், மறுபடி சேரும். ஒற்றை எஞ்சினின் ஒலியை இரட்டை எஞ்சின் படத்துக்குப் போட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

சில படங்களில் எஞ்சினும் மனிதர்களும் ஏன் அவசர அவசரமாக ஓடுகிறார்கள்?

விநாடிக்கு 18 ஃப்ரேமில் எடுத்ததை 24ல் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடும். 30 கிலோமீட்டர் எஞ்சின் 40ல் ஓடுவதுபோலத் தெரியும். பிளாட்பாரத்தில் நடப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் நடை சரியாகும்வரை வேகத்தைக் குறைத்தால் எஞ்சினும் சரியாகிவிடும்.

கூட்டத்தால் தொல்லை வந்ததா?

நிறைய. வயலை மிதித்தார்கள், மறைக்கிற கிளைகளை வெட்டினார்கள், தண்டவாளத்தில் ஏறி நின்று வண்டியை நிறுத்தவைத்தார்கள். 1976 செப்டம்பரில் கியோட்டோ-ஓசாகா ரயில் பாதையின் நூற்றாண்டுக்காக சி57 1ஆம் எண்ணை ஓட்டியபோது, பாதையருகே போன ஒரு பள்ளிச் சிறுவன் அடிபட்டு இறந்தான். அந்தக் காலத்துப் படங்களில் தண்டவாளத்துக்கு ஒட்டி நின்று எடுத்த கோணங்களைப் பார்த்து ‘ஆஹா’ என்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

திரைப்படங்களில், ஆவணப்படங்களில் பார்க்க முடியுமா?

ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால், நொரியாகி சுச்சிமோட்டோ 1963ல் எடுத்த ‘அரு கிக்கான் ஜோஷி’ என்ற குறும்படம். 160 பேர் இறந்த 1962 மிகாவாஷிமா விபத்துக்குப் பிறகு, பாதுகாப்பைப் பற்றி மக்களுக்கு நம்பிக்கையூட்ட ரயில்வே கேட்டு எடுத்த படம் அது. ஜோபான் பாதையில் டோக்கியோ நோக்கி ஓடும் சி62ல் ஓர் உதவி ஓட்டுநரின் வேலைநாள்தான் கதை. நம்பிக்கையைவிட, நிமிடம் தவறக்கூடாது என்ற அவர்களுடைய பதைப்புதான் மனதில் நிற்கும். பின்னாளில் மினமாட்டா பாதரச நோயைப் பற்றித் தொடர்ந்து படமெடுத்தவரும் இதே சுச்சிமோட்டோதான். நான் மேலே புலம்பிய அந்த மனிதர்கள் இங்கே ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறார்கள்.

இந்தப் பிலிமெல்லாம் இன்று எந்த நிலையில் இருக்கிறது?

எஞ்சினைவிடப் பிலிமின் ஆயுள்தான் இப்போது கவலை. அசிட்டேட் பிலிம் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். டப்பாவைத் திறந்தால் ஊறுகாய்க் கடை வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பிலிம் சுருங்கி, நெளிந்து, கடைசியில் நொறுங்கும். வாடை வந்த சுருளை மற்றவற்றோடு வைக்கவே கூடாது.

இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஃபூஜியின் சிங்கிள்-8 பாலியெஸ்டரில் செய்தது. அதற்கு இந்த நோய் வராது. நூற்றாண்டு தாங்கட்டும் என்று யோசித்தா செய்தார்கள்? கேசட்டுக்குள் அடங்க மெல்லிசாக இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் அதைப் பசையால் ஒட்ட முடியாது, டேப்பால்தான் ஒட்டவேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து அந்த டேப்பின் கோந்து கசிந்து பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை, இருட்டில் வைத்த கோடாக்ரோம் (கோடாக்கின் வண்ணப் பிலிம்) இன்றும் பளிச்சென்று இருக்கும். அந்தக் காலத்துத் திரையரங்கு வண்ணப் பிரதிகள் பல இளஞ்சிவப்பாக வெளுத்துவிட்டன. சிங்கிள்-8க்கு ஃபூஜியே செய்துவந்த டெவலப்பிங் 2013ல் நின்றது.

எங்கள் வீட்டிலும் பழைய 8 எம்எம் சுருள் இருக்கிறது. ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். ஆசை புரிகிறது, ஆனாலும் வேண்டாம். சுருங்கிய பிலிமின் துளைகளைப் பல்சக்கரம் கிழித்துவிடும், நின்றுபோனால் விளக்கு எரித்துவிடும். முதலில் முகர்ந்து பாருங்கள். வாடை இல்லையென்றால், பல்சக்கரம் இல்லாமல் உருளைகளால் இழுக்கும் ஸ்கேனரில், ஃப்ரேம் ஃப்ரேமாக எடுக்கச் சொல்லுங்கள். சுவரில் ஓட்டி அதைக் கேமராவில் பிடித்துத் தருகிற கடைகளுக்குக் கொடுக்காதீர்கள். முழு ஃப்ரேமையும், ஓரம் வெட்டாமல் கேளுங்கள். நடுங்கிய காட்சி, தவறுதலாகத் தரையைப் பிடித்த காட்சி எதையும் நீக்கச் சொல்லவேண்டாம். ஸ்கேன் வந்துவிட்டது என்று சுருளைத் தூக்கிப் போடவும் வேண்டாம். டப்பாவின் மேல் கிறுக்கிய தேதியும் ஊர்ப்பெயரும் சுருளளவு முக்கியம், அதையும் படமெடுத்து வையுங்கள்.

இன்றும் ஜப்பானில் நீராவி ரயில் ஓடுகிறதே, அதை நல்ல கேமராவில் எடுத்தால் போதாதா?

ஓடுகிறது. ஓயிகாவா தனியார் ரயில்வே 1976லேயே தொடங்கிவிட்டது, யாமாகுச்சி பாதையில் 1979 முதல் ஓடுகிறது. போய் எடுங்கள், அருமையாக வரும். ஆனால் அது பளபளக்கத் துடைத்த எஞ்சின், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கையசைக்கிற குழந்தைகள். 1973ன் டி51 மேல் எண்ணெயும் துருவும் படிந்திருக்கும். அதன் பின்னால் வருவது கரி, மரம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள். யாரும் கையசைக்க மாட்டார்கள்.

தமிழர்களுக்கும் இந்த எஞ்சின்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இனிமையான தொடர்பு அல்ல. சி56 என்ற சின்ன எஞ்சின், ஜப்பானில் கோமி பாதையில் 1,345 மீட்டர் உயரத்திலுள்ள நோபேயாமாவழியாக ஓடியது. ரசிகர்கள் அதை ‘மேட்டுநிலத்துக் குதிரைக்குட்டி’ என்று கொஞ்சுவார்கள். பச்சைப் புல்வெளியில் அது போகிற படங்கள் ஏராளம். அதே வகையில் 90 எஞ்சின்களை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பினார்கள். அவை ஓடிய பாதைகளில் ஒன்று சயாம்-பர்மா ரயில்பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் செத்துவிழ அமைத்த, நாம் சயாம் மரண ரயில் என்று சொல்கிற அதே பாதை.

இரண்டு எஞ்சின்கள் 1979ல் திரும்பி வந்தன. 31ஆம் எண் டோக்கியோவில் யாசுகுனி கோயிலின் போர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 44ஆம் எண் ஓயிகாவா பாதையில் ஓடியது. 2015ல் அதற்குச் சிவப்புச் சாயம் பூசி, முகம் ஒட்டி, குழந்தைகள் கார்ட்டூனில் வரும் ஜேம்ஸ் ஆக்கினார்கள். அந்தப் படங்களை என்னால் ரசிக்க முடிவதில்லை.

படங்களில் வரும் எஞ்சின்களை நேரில் பார்க்க எங்கே போகவேண்டும்?

கியோட்டோவின் உமேகோஜியில் 1914ல் கட்டிய அரைவட்ட ஷெட் இருக்கிறது. 1972ல் நீராவி அருங்காட்சியகமாகி, இப்போது 2016ல் திறந்த கியோட்டோ ரயில்வே அருங்காட்சியகத்தின் பகுதி. குருவி பறக்கும் சி62 2 அங்கேதான். வேகச் சாதனை செய்த சி62 17 நகோயாவில். கடைசிப் பயணிகள் ரயிலை இழுத்த சி57 135, டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஓமியாவிலுள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் சுழல்மேடை மீது நிற்கிறது.

கடைசி கூட்ஸை இழுத்த டி51 241ஐ மட்டும் தேடவேண்டாம். 1976 ஏப்ரல் 13 அன்று ஓய்வாகே ஷெட் தீப்பிடித்து, உள்ளே நின்றிருந்த அதுவும் எரிந்துபோனது. அதற்கு நாலு மாதம் முன்பு, பனியில் கரிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அது வருவதைச் சரிவில் நின்று எடுத்தவர்களின் சுருள்களில் இருக்கிறது.